கொலைச் செய்தி எழுதும்போது அடிக்கடி எழும் கேள்விகள்

மாவட்ட நிருபர்கள், டெஸ்க்கில் செய்தியைச் செப்பனிடுகிறவர்கள், சொந்தமாக யூடியூப் சேனல் நடத்துகிறவர்கள், தங்கள் ஊரில் நடந்ததைப் பற்றி முகநூலில் எழுத உட்காருகிறவர்கள் என எல்லோரும் சுற்றிச் சுற்றிக் கேட்பது ஏறக்குறைய இதே கேள்விகளைத்தான். க்ரைம் செய்திகளைத் திருத்தும் வேலையில் இருப்பவன் என்ற முறையில் என் பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். சட்டப் பிரிவுகள் இந்தியாவுக்கு உரியவை. 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் புதிய சட்டங்களின் எண்களையே தந்திருக்கிறேன்.

போலீஸ் சொன்னதை அப்படியே எழுதுவதில் என்ன தவறு? விசாரிக்கிறவர்கள் அவர்கள்தானே?

விசாரிக்கிறவர்கள் அவர்கள்தான். அவர்கள் சொல்வதை எழுதாமல் இருக்க முடியாது. ஆனால் அவர்கள் சொன்னதாக எழுத வேண்டும். பக்கத்தில் நின்று பார்த்த மாதிரி எழுதக் கூடாது. தமிழ் க்ரைம் செய்திகளில் நான் பார்க்கும் பிழைகளில் பெரும்பாலானவை இந்த இடத்தில்தான் பிறக்கின்றன. எழுதுகிறவருக்கு யார்மீதும் வெறுப்பு இருக்க வேண்டும் என்பதில்லை. இரவு ஒன்பது மணிக்கு இன்ஸ்பெக்டர் போனில் சொன்னதைப் பக்கம் முடிவதற்குள் அனுப்பியாக வேண்டும். அந்த அவசரத்தில் 'என்கிறார்' என்ற சொல் விழுந்துவிடுகிறது. அது விழுந்ததும் ஒரு தரப்பின் சந்தேகம் ஊருக்கே உண்மையாகிவிடுகிறது.

இப்படி ஒரு முதல் வரி அடிக்கடி வரும்: "கள்ளக்காதலைக் கண்டித்த கணவனை, காதலனுடன் சேர்ந்து தீர்த்துக்கட்டிய மனைவி கைது." அன்றிரவு உறுதியாகத் தெரிந்தது என்ன? ஒருவர் இறந்திருக்கிறார், அவருடைய மனைவி கைதாகியிருக்கிறார். இருவருக்கும் உறவு இருந்தது, கணவர் கண்டித்தார், சேர்ந்து திட்டம் போட்டார்கள் என்பதெல்லாம் போலீஸின் அன்றைய கணிப்பு. இதை இப்படி எழுதலாம்: "இறந்தவரின் மனைவியையும் அதே ஊரைச் சேர்ந்த ஒருவரையும் போலீஸார் கைது செய்துள்ளனர். இவர்கள் இருவரின் பழக்கத்தை அவர் கண்டித்ததால் கொலை நடந்திருக்கலாம் என்று போலீஸார் சந்தேகிக்கின்றனர். கைதானவர்களின் உறவினர்கள் இதை மறுக்கின்றனர்." கடைசி வாக்கியத்தை எழுத ஒரு போன் போட வேண்டியிருக்கும். போடுங்கள். செய்தியில் சுவாரசியம் குறையும், குறையட்டும். அந்த வீட்டுப் பிள்ளைகள் நாளைக்குப் பள்ளிக்கூடம் போக வேண்டும்.

செய்தியின் கடைசியில் 'இவ்வாறு போலீஸார் தெரிவித்தனர்' என்று போட்டுவிட்டால் போதாதா?

போதாது. படிக்கிறவர்களில் பாதிப்பேர் அந்த வரிவரை வருவதில்லை. வாட்ஸ்அப்பில் போவது தலைப்பும் படமும்தான். சந்தேகம் என்றால் தலைப்பிலேயே சந்தேகம் என்று இருக்க வேண்டும்.

கைதானவரே குற்றத்தை ஒப்புக்கொண்டதாகச் சொல்கிறார்களே? 'பரபரப்பு வாக்குமூலம்' என்று எழுதலாமா?

போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிராக நீதிமன்றத்தில் பயன்படுத்த முடியாது. பழைய சாட்சியச் சட்டத்தில் இது 25-ஆம் பிரிவு. இப்போது பாரதிய சாட்சிய அதினியத்தின் 23-ஆம் பிரிவு. அவர் சொன்னதை வைத்து ஒரு கத்தியோ நகையோ கண்டெடுக்கப்பட்டால், அந்தக் கண்டெடுப்போடு நேரடியாகத் தொடர்புள்ள பகுதியை மட்டும் எடுத்துக்கொள்வார்கள். மாஜிஸ்திரேட் முன்னால் தானாக முன்வந்து கொடுக்கும் வாக்குமூலம் வேறு விஷயம். அதற்குத் தனி நடைமுறை உண்டு.

இந்த விதி 1872-ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டத்திலேயே இருந்தது. தன் போலீஸ் ஸ்டேஷனுக்குள் நடப்பதை வெள்ளைக்கார அரசாங்கமே அந்த அளவுக்குத்தான் நம்பியது. நீதிபதி காது கொடுக்கக் கூடாத ஒன்றை நாம் எட்டுப் பத்தி விரித்து, "எனக்கு வேறு வழி தெரியவில்லை" என்று மேற்கோள் குறிக்குள் போட்டு எழுதுகிறோம். அந்த வார்த்தைகளை நிருபர் கேட்டாரா? கேட்கவில்லை. எழுதிக்கொண்ட ஏட்டு சொல்லித்தான் தெரியும். மேற்கோள் குறிக்குள் வருவது, எழுதியவர் தன் காதால் கேட்டதாகவோ கண்ணால் ஆவணத்தில் படித்ததாகவோ இருக்க வேண்டும்.

மாவுக்கட்டுப் படங்களையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். "தப்பி ஓட முயன்றபோது வழுக்கி விழுந்ததில் கை முறிந்தது" என்ற வாக்கியம் எத்தனை வழக்குகளில் அச்சு மாறாமல் வந்திருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். காவலில் இருந்த ஒருவருக்கு எலும்பு முறிந்திருக்கிறது என்பது தனியாக விசாரித்து எழுத வேண்டிய செய்தி. அதை வேடிக்கையாக எழுதுவதும், கைதட்டும் எமோஜியோடு பகிர்வதும் அடுத்த ஆளுக்கும் அதையே செய்யலாம் என்று அனுமதி கொடுப்பதுதான்.

எஃப்.ஐ.ஆர். நகல் கையில் இருக்கிறது. அது அரசு ஆவணம்தானே, நம்பி எழுதலாம் அல்லவா?

புகார் கொடுத்தவர் இன்ன தேதியில் இன்னதைச் சொன்னார் என்பதற்கு அது ஆவணம். அவர் சொன்னது நடந்தது என்பதற்கு ஆதாரம் ஆகாது. "எஃப்.ஐ.ஆரில் இப்படிக் கூறப்பட்டுள்ளது" என்று எழுதினால் நீங்கள் சரியான இடத்தில் நிற்கிறீர்கள்.

சாத்தான்குளத்தை நினைத்துக்கொள்ளுங்கள். 2020 ஜூன் 19 அன்று போலீஸ் அழைத்துச்சென்ற தந்தையும் மகனும் நான்கு நாட்களுக்குள் அடுத்தடுத்து இறந்தார்கள். அவர்கள் மேல் போட்ட எஃப்.ஐ.ஆரில், ஊரடங்கு நேரம் கடந்தும் கடையைத் திறந்து வைத்திருந்தார்கள், தரையில் உருண்டு புரண்டதில் அவர்களுக்கு உள்காயம் ஏற்பட்டது என்று எழுதியிருந்தது. பின்னால் வெளிவந்த சிசிடிவி காட்சிகள் அதோடு ஒத்துப்போகவில்லை. சி.பி.ஐ. விசாரித்து அந்த ஸ்டேஷன் போலீஸ்காரர்கள் மீதே கொலைக் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. முதல் நாள் அந்த எஃப்.ஐ.ஆரை மட்டும் வைத்து எழுதியிருந்தால், கொல்லப்பட்டவர்கள்மீதே பழிபோட்ட செய்தியாக அது இருந்திருக்கும்.

பாதிக்கப்பட்டவரின் பெயரை எப்போது எழுதக் கூடாது?

பாலியல் குற்றமென்றால் பெயரோ அடையாளமோ கூடாது. இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 72-ஆம் பிரிவு, இரண்டு ஆண்டுவரை சிறை. அந்தப் பெண் இறந்துவிட்டாலும் இது பொருந்தும் என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்திவிட்டது. குழந்தையென்றால் போக்சோ சட்டத்தின் 23-ஆம் பிரிவும் சேரும். 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவரே குற்றம் செய்ததாகச் சொல்லப்பட்டாலும் அவர் பெயரையும் படத்தையும் போடக் கூடாது. அது சிறார் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு.

சட்டம் இவ்வளவுதான். நடைமுறையில் வழுக்குவது வேறு இடத்தில். பெயரை மாற்றிவிட்டு, கிராமத்தின் பெயர், அப்பா பஸ் ஸ்டாண்டில் டீக்கடை வைத்திருப்பது, மாணவி எந்தப் பள்ளியில் பிளஸ் டூ படிக்கிறார் என்பது எல்லாவற்றையும் எழுதுகிறோம். ஐந்நூறு வீடுள்ள ஊரில் பெயரை மறைத்து என்ன பயன்? இன்னொன்று, கைதானவர் குழந்தையின் தகப்பனோ தாய்மாமனோ என்றால், அவர் பெயரைப் போட்டாலே குழந்தை யாரென்று தெரிந்துவிடும். அப்போது அவர் பெயரையும் விட்டுவிட வேண்டும். "குற்றவாளியைக் காப்பாற்றுகிறீர்களா?" என்று கமெண்ட் வரும். பரவாயில்லை.

அதிகாரிகளிடமிருந்தே அடையாளம் கசியும் என்பதையும் மறக்காதீர்கள். 2019-இல் பொள்ளாச்சி பாலியல் வழக்கில் அரசாணையிலேயே பாதிக்கப்பட்ட பெண்ணின் பெயர் வந்தது. 25 லட்ச ரூபாய் இழப்பீடு கொடுக்கும்படி உயர் நீதிமன்ற மதுரைக் கிளை சொன்னது. 2024 டிசம்பரில் பாலியல் தாக்குதலுக்கு ஆளான அண்ணா பல்கலைக்கழக மாணவியின் விவரங்களோடு எஃப்.ஐ.ஆர். இணையத்தில் வெளியானது. அதற்கும் 25 லட்சம் கொடுக்க சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அந்த எஃப்.ஐ.ஆர். எழுதப்பட்டிருந்த விதமே மாணவியைக் குறைசொல்வதாக இருக்கிறது என்று நீதிபதிகள் கண்டித்தார்கள். அரசு வெளியிட்டுவிட்டது என்பதற்காக நாமும் வெளியிடலாம் என்று ஆகிவிடாது.

'கொலையாளி' என்று எப்போது எழுதலாம்?

நீதிமன்றம் குற்றவாளி என்று தீர்ப்பளித்த பிறகு. அதுவரை 'கைதானவர்', நீதிமன்ற விசாரணை தொடங்கியபின் 'குற்றம் சாட்டப்பட்டவர்'.

இது வெறும் சம்பிரதாயம் என்று நினைக்கிறவர்களுக்கு நுங்கம்பாக்கத்தைச் சொல்வேன். 2016 ஜூன் 24 காலை, ரயில் நிலையத்தில் வேலைக்குக் கிளம்பி நின்ற இளம்பெண் வெட்டிக் கொல்லப்பட்டார். நிலையத்தில் அப்போது கேமரா கிடையாது. பக்கத்துத் தெருக்களில் கிடைத்த காட்சிகளில் பையோடு நடந்துபோகும் ஓர் இளைஞரைப் போலீஸ் வெளியிட்டது. ஆள் பிடிபடும் முன்பே ஒரு முஸ்லிம் பெயரைச் சொல்லி இவர்தான் செய்தார் என்று முகநூலில் பதிவுகள் பரவின. ஜூலை 1 இரவு செங்கோட்டை அருகே ஒருவரைப் போலீஸ் பிடித்தபோது அந்தப் பதிவுகள் பொய் என்று தெரிந்தது. பிடிபட்டவரின் கழுத்தில் வெட்டுக்காயம் இருந்தது. தானே அறுத்துக்கொண்டார் என்றது போலீஸ், குடும்பம் மறுத்தது. செப்டம்பர் 18 அன்று அவர் புழல் சிறையில் இறந்தார். நீதிமன்ற விசாரணை நடக்கவேயில்லை. சாட்சிகளை யாரும் குறுக்கு விசாரணை செய்யவில்லை.

ஆகவே இன்றைக்கும் அந்த வழக்கில் யாரையும் 'கொலையாளி' என்று எழுத ஆதாரம் இல்லை. "போலீஸாரால் குற்றம் சாட்டப்பட்டு, நீதிமன்ற விசாரணைக்கு முன்பே சிறையில் இறந்தவர்" என்று நீட்டித்தான் எழுத வேண்டும். நிரபராதி என்று எழுதவும் அதே அளவு ஆதாரம் இல்லை.

இறந்தவரைப் பற்றி எவ்வளவு எழுதலாம்?

அதே வழக்கில் அந்தப் பெண்ணின் நட்புகள், அவருடைய முகநூல் பக்கம், யாரோடு பேசினார் என்பதெல்லாம் நாட்கணக்கில் அலசப்பட்டன. மறுத்துப் பேச அவர் இல்லை. கொலைக்கு அது எந்த வகையில் காரணம் என்று உங்களால் ஒரு வாக்கியத்தில் சொல்ல முடியாவிட்டால், அந்த விவரம் செய்திக்குள் வர வேண்டியதில்லை. 'ஒருதலைக் காதல்' என்று எழுதும்போதும் யோசியுங்கள். பின்தொடர்ந்து மிரட்டியதாகப் புகார் இருந்தால் அதைத்தான் எழுத வேண்டும். அதற்குள் காதல் எங்கே வந்தது?

சாதியைக் குறிப்பிடலாமா? குறிப்பிட்டால் பிரச்சினையைத் தூண்டுவதாகச் சொல்கிறார்களே?

சாதிக்கும் குற்றத்துக்கும் தொடர்பில்லை என்றால் எழுதக் கூடாது. தொடர்பிருந்தால் எழுதாமல் விடக் கூடாது. சங்கிலி பறித்தவரின் சாதி யாருக்கும் தேவையில்லை. 2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டையில், பட்டப்பகலில், கடைவீதியில் ஓர் இளம் தம்பதியை வெட்டினார்களே, அதில் கணவர் இறந்தாரே, அந்தச் செய்தியைச் சாதியைச் சொல்லாமல் எழுதினால் படிக்கிறவருக்கு என்ன புரியும்? அவர் பட்டியல் சாதியைச் சேர்ந்தவர், மனைவி வேறு சாதி. வழக்கே அதுதான்.

நான் அதிகம் அடித்துத் திருத்தும் சொற்றொடர் 'இரு தரப்பினரிடையே மோதல்'. ஒரு தெருவுக்குள் இன்னொரு கூட்டம் புகுந்து வீடுகளை அடித்து நொறுக்கினால் அது தாக்குதல். பட்டியல் சாதியினரையும் பழங்குடியினரையும் காக்கும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதிவாகியிருந்தால் அதைக் குறிப்பிட்டாலே யார் யாரைத் தாக்கியதாகப் புகார் என்பது விளங்கிவிடும். நடுநிலை என்ற பெயரில் அடித்தவரையும் அடிபட்டவரையும் ஒரே சொல்லுக்குள் அடைத்தால், வலுத்தவர் பக்கம் நின்றதாகத்தான் ஆகும்.

சார்பு பத்திரிகையில் மட்டும் இருப்பதில்லை. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரே குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். கூலி உயர்வு கேட்ட தலித் விவசாயத் தொழிலாளர்களின் குடும்பங்கள், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். கீழ் நீதிமன்றம் தண்டித்த நிலவுடைமையாளர்களை உயர் நீதிமன்றம் விடுவித்தது. பெரும் நிலமும் வசதியும் உள்ளவர்கள் தாங்களே நடந்துபோய்க் குடிசைகளுக்குத் தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவது கடினம் என்பது அந்தத் தீர்ப்பின் ஒரு வாதம். இன்னார் இப்படிச் செய்யமாட்டார், இன்னார் செய்யக்கூடியவர்தான் என்ற நினைப்பு ஆதாரத்துக்கு முன்னால் வந்து உட்கார்ந்துகொள்வது இப்படித்தான். டெஸ்க்கில் இருக்கும் நமக்கும் அந்த நினைப்பு உண்டு. 'வசதியான வீட்டுப் பையன்' கைதானால் "திடுக்கிடும் திருப்பம்" என்றும், குடிசைப்பகுதி இளைஞர் கைதானால் "பிரபல ரவுடி சிக்கினார்" என்றும் கை தானாக எழுதுகிறது.

'வடமாநில ஆசாமி' என்று எழுதுவது?

வேண்டாம். ஊர் தெரிந்திருந்து, அது செய்திக்குத் தேவையென்றால் மட்டும் ஊரைச் சொல்லுங்கள். 2018 மே மாதம் குழந்தை கடத்தும் கும்பல் வந்திருப்பதாக வாட்ஸ்அப்பில் வதந்தி ஓடியது. திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கம் குலதெய்வக் கோயிலுக்கு வந்த 65 வயதுப் பெண்ணை, குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார் என்பதற்காக ஊரே சேர்ந்து அடித்துக் கொன்றது. அவர் சென்னைக்காரர், தமிழர். வெளியாள் என்று தோன்றினாலே போதும் என்ற நிலைக்கு மனிதர்களைக் கொண்டுபோனதில் அந்த வகைச் செய்திகளுக்கும் பங்குண்டு என்றே நினைக்கிறேன்.

வீடியோவே இருக்கிறது. அதற்கு மேல் என்ன சரிபார்ப்பது?

எங்கே, எப்போது, யார் எடுத்தது என்ற மூன்றையும். 2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களை வெட்டிக் கொல்வதாக இரண்டு வீடியோக்கள் பரவின. ஒன்று திருப்பூரில் வெளிமாநிலத் தொழிலாளர்களுக்குள்ளேயே நடந்த சண்டை, மற்றது கோவையில் உள்ளூர்க்காரர்களுக்கிடையே நடந்தது என்று டி.ஜி.பி. விளக்கினார். வெட்டு உண்மை. அதற்குச் சொல்லப்பட்ட கதை பொய். அதை நம்பிப் பயந்து ஊருக்கு ரயிலேறினார்கள் எத்தனையோ பேர்.

'இத்தனை பேர் வேடிக்கை பார்த்தார்கள்' என்று எழுதுவது மக்களுக்கு உறைக்கத்தானே?

இந்தக் கேள்விக்கு நியூயார்க்கில் ஒரு பதில் இருக்கிறது. அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

1964 மார்ச் 13 அதிகாலை மூன்று மணி தாண்டி, குவீன்ஸ் பகுதியில் வேலை முடிந்து வீடு திரும்பிய கிட்டி ஜெனோவீஸ் என்ற 28 வயதுப் பெண்ணை வின்ஸ்டன் மோஸ்லி என்பவர் கத்தியால் குத்திக் கொன்றார். மறுநாள் நியூயார்க் டைம்ஸில் சின்னச் செய்தி. பிறகு நகரப் போலீஸ் கமிஷனர், அந்தப் பத்திரிகையின் ஆசிரியர் ஒருவரோடு மதியச் சாப்பாட்டில் இருந்தபோது, 38 பேர் பார்த்தும் யாரும் போன் செய்யவில்லை என்று சொன்னார். மார்ச் 27 அன்று முதல் பக்கத்தில், 38 கண்ணியமான குடிமக்கள் அரைமணி நேரத்துக்கும் மேலாக மூன்று தாக்குதல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று செய்தி தொடங்கியது. நகர மனிதனுக்கு இதயம் செத்துவிட்டது என்று உலகமே பேசியது. சமூக உளவியலில் ஒரு முழு ஆய்வுத்துறையே இதிலிருந்து கிளம்பியது.

நடந்தது வேறு. தாக்குதல் இரண்டு. முதலாவதின்போது ஒருவர் ஜன்னலைத் திறந்து அவளை விடு என்று கத்தினார், தாக்கியவர் ஓடினார். கிட்டி தள்ளாடியபடி கட்டடத்தின் பின்பக்கம் போய்விட்டதால் பலருக்கு அதற்குமேல் எதுவும் தெரியவில்லை. மோஸ்லி திரும்பி வந்து குத்தியது பின்வாசலின் உள்ளே, தெருவில் இருந்து பார்க்க முடியாத இடத்தில். தெரிந்தும் நழுவியவர்கள் உண்டு. ஒருவர் கதவைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். ஆனால் பக்கத்து வீட்டுப் பெண் ஒருவர், தாக்கியவர் இன்னும் அங்கே இருக்கிறாரா என்றுகூடத் தெரியாமல் ஓடிவந்து கிட்டியைத் தாங்கிப் பிடித்திருந்தார். அந்தப் பெண் அந்த முதல் பக்கச் செய்தியில் இல்லை. 911 என்ற அவசர எண்ணே 1968-இல்தான் வந்தது. மோஸ்லி 2016-இல் சிறையில் இறந்தபோது, தன் பழைய செய்தி சாட்சிகளின் எண்ணிக்கையையும் அவர்கள் கண்டதையும் பெரிதுபடுத்திவிட்டது என்று அதே பத்திரிகை எழுதியது.

ஒரு போலீஸ் அதிகாரி சாப்பாட்டு மேஜையில் சொன்ன எண் ஐம்பது வருடம் வாழ்ந்தது. இன்னொன்றும் உண்டு. மோஸ்லி அதற்கு ஏறக்குறைய இரண்டு வாரம் முன்பு ஒரு கறுப்பினப் பெண்ணையும் கொன்றிருந்தார். அந்தப் பெயர் ஏறக்குறைய யாருக்கும் தெரியாது.

நுங்கம்பாக்கத்திலும் நடைமேடையில் இருந்தவர்கள் எல்லோரையும் சேர்த்து மனசாட்சி இல்லாதவர்கள் என்று திட்டினோம். யார் எவ்வளவு தூரத்தில் நின்றார், எத்தனை விநாடியில் முடிந்தது, யார் யாரை அழைத்தார் என்று கேட்டு எழுதியது குறைவு. உடல் நெடுநேரம் அங்கேயே கிடந்ததற்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் பயணிகள் இல்லை.

காயங்களை எவ்வளவு விவரிக்கலாம்?

இறப்புக்கு என்ன காரணம் என்று புரியும் அளவுக்கு. எத்தனை வெட்டு, எந்த இடத்தில் என்ற கணக்கு பிரேதப் பரிசோதனை அறிக்கைக்கு வேண்டும், காலைக் காபியோடு பேப்பர் பிரிக்கிற இறந்தவரின் அம்மாவுக்கு வேண்டாம்.

தீர்ப்பு வந்துவிட்டால் வேலை முடிந்ததா?

உடுமலைப்பேட்டை வழக்கில் 2017 டிசம்பரில் திருப்பூர் நீதிமன்றம் பெண்ணின் தந்தை உட்பட ஆறு பேருக்குத் தூக்குத் தண்டனை கொடுத்தது. 2020 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் தந்தையை விடுவித்து, மற்ற ஐவரின் தண்டனையை ஆயுளாகக் குறைத்தது. முதல் தீர்ப்போடு நின்ற பழைய செய்திகள் இன்றும் தேடினால் கிடைக்கின்றன, மேலே ஒரு குறிப்புகூட இல்லாமல். தீர்ப்பு உங்களுக்குப் பிடிக்கிறதா இல்லையா என்பது வேறு. பழைய செய்தியின் தலையில் தேதியோடு புதிய நிலவரத்தைச் சேர்க்க வேண்டும். சத்தமில்லாமல் அழித்துவிடுவது திருத்தம் ஆகாது.

விடுதலையான செய்தியைக் கைதுச் செய்தி வந்த அளவிலேயே போட வேண்டும் என்று கேட்டுப் பார்க்கிறேன். பெரும்பாலும் உள்பக்கத்தில் நாலு வரிதான் கிடைக்கும். ஆனாலும் கேளுங்கள்.

எல்லா வழக்கையும் எப்படித் தொடர்ந்து கவனிப்பது? நேரம் ஏது?

கைதுச் செய்தி எழுதும் அன்றே ஸ்டேஷன் பெயர், குற்ற எண், நீதிமன்றம் மூன்றையும் ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். கொலை வழக்கில் கைதானவர் ரிமாண்ட் ஆன நாளிலிருந்து 90 நாட்களுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கலாக வேண்டும், இல்லாவிட்டால் ஜாமீன் அவருடைய உரிமையாகிவிடும். ஆகவே 90-ஆவது நாளைக் காலண்டரில் குறித்துவிடுங்கள். குற்றப்பத்திரிகை வந்ததும், முதல் நாள் போலீஸ் சொன்ன காரணம் அதிலும் இருக்கிறதா என்று பாருங்கள், மாறியிருந்தால் அது ஒரு செய்தி. வழக்கின் தனி அடையாளமான 16 இலக்க சி.என்.ஆர். எண் (எழுத்தும் எண்ணும் கலந்தது) கிடைத்தபின், இ-கோர்ட்ஸ் தளத்தில் அதைப் போட்டால் அடுத்த வாய்தா எப்போது என்று வீட்டிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம். சாட்சி முன்பு சொன்னதை மாற்றிச் சொல்லும் பிறழ் சாட்சியம் வருவது பெரும்பாலும் யாரும் போகாத வாய்தாக்களில்தான்.